பாவி ஆம்தார் கொடுத்த மூடி

சட்டமன்ற உறுப்பினர் தேர்தலில் உருவாகிறார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்தல் கடைசி வேலை. சட்டையைத் தைத்து முடித்த பிறகு இஸ்திரி போடுவது மாதிரி. தைப்பது முழுக்கப் பேனரில் நடக்கிறது. புனேயில் ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்கப் பொறுமை உள்ளவர்கள் இதை நேரிலேயே கற்றுக்கொள்ளலாம்.

மஹால்கர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் தலைமுறை வாரிசான ஸம்ராட்டுக்கு ஒரு வயது நிறைந்தபோது விஷ்ராந்த்வாடியில் அவருக்கு முதல் பேனர் கட்டினார்கள். பத்தாம் வகுப்பை இரண்டாவது முயற்சியில் தேறியபோது இரண்டாவது பேனர். பதினெட்டு வயதில் 'சமூக சேவகர்' ஆனார். அந்த ஆண்டு அவர் செய்த சேவை, அந்தப் பேனருக்காக நின்று படம் எடுத்துக்கொண்டதுதான். இருபத்திரண்டில் 'இளைஞர்களின் இதயத்துடிப்பு'. இருபத்தைந்தில் கறுப்புக் கண்ணாடி. இருபத்தேழில் காதில் கைப்பேசி. காதில் கைப்பேசி இருந்தால் அவர் மக்கள் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மறுமுனையில் யார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

தலைகளின் அளவுக்கும் விதி உண்டு. மேல்வரிசையில் கட்சியின் பெரியவர்கள், எலுமிச்சம்பழ அளவில். இடது மூலையில் மேகத்துக்குள் காலமான பாட்டனார் ஆபாசாஹேப், தேங்காய் அளவில். வலது மூலையில் இப்போதைய சட்டமன்ற உறுப்பினரான அப்பா நானாசாஹேப், பூசணிக்காய் அளவில். நடுவில் ஸம்ராட் தாதா, முழு ஆள் உயரத்தில். கீழ் விளிம்பில், பேனரைத் தூக்கிக் கட்டிய தொண்டர்கள் புளியங்கொட்டை அளவில். கட்சி மாறும்போது மேலே உள்ள எலுமிச்சம்பழங்களை மட்டும் மாற்றினால் போதும். மஹால்கர்கள் நான்கு முறை மாற்றியிருக்கிறார்கள். மற்ற காய்கள் அப்படியே இருக்கின்றன.

மராத்தியில் 'தாதா' என்றால் அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சென்ற ஜனவரியில் ஸம்ராட் தாதாவுக்கு இருபத்தொன்பதாவது பிறந்தநாள். தலைவர்களின் மேல் பூவைக் கையால் தூவும் காலம் போய்விட்டது. இப்போது ஜேசிபி எந்திரத்தின் மண் அள்ளும் வாளியில் சாமந்திப்பூவை நிரப்பி, இரண்டு மாடி உயரத்திலிருந்து கவிழ்க்கிறார்கள். எட்டாம் சந்தின் முனையில் அப்படிக் கவிழ்த்துவிட்டு எந்திரம் திரும்பியபோது, அதன் பின்சக்கரம் சாக்கடை மூடியின் மேல் ஏறியது. மூடி இரண்டாக உடைந்து உள்ளே போனது.

சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. சதுர மூடியைக் கோணலாகத் திருப்பினால் அது தன் ஓட்டை வழியாகவே உள்ளே விழுந்துவிடும். வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் விழாது. அரசியல் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் இதே அமைப்புதான். படிப்பில், தொழிலில், வழக்கில் எந்தப் பக்கம் திருப்பினாலும் விழமாட்டார்கள். ஆனால் மூடி உடையும்.

அந்தச் சந்தில் குடியிருப்பவர் கோவிந்தராஜ். கோயம்புத்தூர்க்காரர். கசார்வாடியில் ஒரு பட்டறையில் அளவுப் பரிசோதகர். கடைசல் எந்திரத்திலிருந்து வரும் உருப்படிகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளந்து, சரி அல்லது தள்ளு என்று சொல்வது அவர் வேலை. மனைவி ராஜி ஔந்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பிப்ரவரி மாதம் ஒரு காலை, எதிரே வந்த பால்வண்டிக்கு வழி விடுவதற்காக ராஜி ஸ்கூட்டரை ஒதுக்கினார். முன்சக்கரம் அந்த ஓட்டையில் இறங்கியது. கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

சந்துக்கு வேறு வாசல் கிடையாது. ஓட்டை சந்தின் அகலத்தில் கால்வாசி. அதையாவது கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். ஜூன் இரண்டாவது வாரம் மழை இறங்கிவிட்டால் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பள்ளி திறப்பதும் அதே வாரம்தான். அப்போது ஒன்பதடி ஆழக் குழி எங்கே இருக்கிறது என்பது, அதற்குள் போகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்க, மழைக்கு முன்னால ஒரு மூடி. அவ்வளவுதானே?" என்றார் ராஜி, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. "நாலு மாசம் இருக்குது. ஒரு மூடிக்கு நாலு மாசம் பத்தாதா?"

கோவிந்தராஜும் பத்தும் என்றுதான் நினைத்தார்.

வார்டு ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியர் மரியாதையாக உட்கார வைத்தார்.

"பழைய மூடியைக் கொண்டு வாங்க. அதை வாங்கிட்டுத்தான் புதுசு குடுக்கணும்."

"அது உள்ளே விழுந்து கிடக்குதுங்க. ஒன்பதடி ஆழத்துல."

ஜூனியர் இன்ஜினியரின் முகம் மலர்ந்தது. "அப்ப மூடி அந்த இடத்திலேயேதான் இருக்கு! எங்க பதிவுலயும் அங்கேதான் இருக்கு. காணாமப் போகாத பொருளுக்கு நான் எப்படிப் புதுசு எழுதறது?"

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். ஆம்தார் நிதியிலிருந்து வாங்கலாம். ஆம்தார் என்றால் மராத்தியில் சட்டமன்ற உறுப்பினர். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அந்தக் கடிதத்துக்கு முன்னால் எந்தப் பதிவும் நிற்காது.

மஹால்கர்களின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் நானாசாஹேபைப் பார்க்க முடியாது. அவருடைய வேலைகளை ஸம்ராட் தாதா பார்க்கிறார். ஸம்ராட் தாதாவையும் பார்க்க முடியாது. அவருடைய வேலைகளை பி.ஏ. லோண்டே பார்க்கிறார். லோண்டேயைப் பார்க்க டோக்கன் உண்டு.

கோவிந்தராஜின் ஹிந்தி பட்டறை ஹிந்தி. டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று கூப்பிட்டதும் உள்ளே போய், சுவரில் மாலையோடு தொங்கிய மூன்று மஹால்கர் படங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஸாஹேப், டக்கன்" என்றார்.

டக்கன் என்றால் ஹிந்தியில் மூடி. மடையனைச் செல்லமாகத் திட்டவும் அதே சொல்தான். அறையில் இருந்த ஏழு பேரும் மூன்று படங்களையும் திரும்பிப் பார்த்தார்கள். லோண்டே மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு அனுபவம் அதிகம்.

"எந்த டக்கன், அண்ணா?" என்று கேட்டார். புனேயில் தமிழ் பேசும் ஆண்களுக்கெல்லாம் அண்ணா என்றுதான் பெயர், வயது பார்ப்பதில்லை.

"சாக்கடை டக்கனுங்க. எட்டாம் சந்து."

லோண்டே பெருமூச்சு விட்டார். "அதைச் சேர்த்துச் சொல்லணும், அண்ணா." மனுவை வாங்கினார். பெயரைப் பார்த்தார். "மதராஸியா? தமிழ் எழுத வருமா?"

வரும் என்றார் கோவிந்தராஜ். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு டோக்கன் தேவைப்படவில்லை. தொகுதியில் தமிழ் ஓட்டு பதினோராயிரம் இருப்பதாக யாரோ எண்ணிச் சொல்லியிருந்தார்கள். தமிழில் ஒரு பேனர் வேண்டும். லோண்டே மராத்தி வாசகத்தை நீட்டினார். ஆப்லா பாவி ஆம்தார், ஸம்ராட் தாதா.

மராத்தியில் 'பாவி' என்ற சொல்லின் முதலெழுத்தை நெஞ்சிலிருந்து காற்றோடு தள்ளிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் 'வருங்கால' என்று பொருள். கோவிந்தராஜ் அங்கேயே உட்கார்ந்து, 'எங்கள் வருங்காலச் சட்டமன்ற உறுப்பினர் ஸம்ராட் மஹால்கர்' என்று எழுதிக் கொடுத்தார். லோண்டே அந்த வரியை விரலால் சாண் போட்டு அளந்தார்.

"இவ்வளவு நீளமா? தாதாவோட தோள் வெட்டுப்படும். இதுல பாவி எங்கே இருக்கு?"

"வருங்காலன்னா அதேதானுங்க."

"அதே அர்த்தம் வேற, அதே சொல்லு வேற. பாவிங்கறது பதவி, அண்ணா. ஆபாசாஹேப் எட்டு வருஷம் பாவியா இருந்தார். நானாசாஹேப் பதினொரு வருஷம் பாவி. தாதா இப்ப ரெண்டு வருஷமா பாவி. இந்தக் குடும்பத்துல பாவி ஆகாம ஒருத்தர்கூட ஆம்தார் ஆனதில்லை. நீங்க ஒரு பேனர்ல அதை எடுத்துட முடியுமா?"

"ஸாஹேப், தமிழ்ல அந்தக் காத்து எழுத்து கிடையாதுங்க. எழுதினா 'பாவி'ன்னுதான் படிப்பாங்க. எங்க பாஷையில பாவின்னா ஹிந்தியில சொல்ற பாபிதானுங்க. பாபம் பண்ணினவன்."

லோண்டே ஸம்ராட் தாதாவுக்குப் போன் போட்டார். முதல் தடவையாக அந்தக் கைப்பேசியின் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார்.

"தாதா, தமிழ்ல பாவின்னு போட்டா சரியா வராதுங்கறார்." கேட்டார். கோவிந்தராஜ் பக்கம் திரும்பினார். "ஜனங்களுக்குப் புரியுமான்னு தாதா கேக்கறார்."

"அது நல்லாவே புரியுங்க."

"புரியுமாம், தாதா." போனை வைத்தார். "அப்புறம் என்ன பிரச்சினை? பேனர் ஏறட்டும். மூடிக்கு லெட்டர் தயாரா இருக்கு."

கோவிந்தராஜ் தள்ள வேண்டிய உருப்படியைச் சரி என்று சொன்னது பணிக்காலத்திலேயே அன்றுதான் முதல் தடவை.

"நெசமாவே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றார் ராஜி.

"மூணு வாட்டி சொல்லிப் பாத்தேன், ராஜி. உள்ளது உள்ளபடி எழுதுன்னுட்டாங்க. நான் என்னோட வேலையைப் பாத்தேன்."

மார்ச் மாதம் சந்து முனையில் இருபதடிப் பேனர் ஏறியது. 'எங்கள் பாவி ஆம்தார்! எங்கள் தாதா! மூன்று தலைமுறையாக உங்களோடு!' நடுவில் ஸம்ராட் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில், சென்னையிலிருந்து புனேக்கு வேலைக்கு வந்த ஐடி பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பேனரின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் வைஷு என்ற பெண்கூட, இந்த ஒரு பேனரைத் தடங்கலில்லாமல் படித்தாள்.

மேல்மாடியில் குடியிருக்கும் ஜெபமணி நாசரேத்துக்காரர். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ராஜிக்குக் கட்டு மாற்ற வந்தபோது மனமுருகிச் சொன்னார்:

"அண்ணாச்சி, நாப்பது வருசமா கோயில்ல பாவிகளே பாவிகளேன்னு பிரசங்கம் கேக்கேன். ஒருத்தனாவது எந்திரிச்சு நாந்தான்னு சொல்லியிருக்கானா? இந்தப் பையன் முச்சந்தியில போர்டு வச்சுல்லா சொல்லுதான். தாத்தன், அப்பன் படத்தையும் சேத்துப் போட்டு, மூணு தலைமுறைன்னு கணக்கையும் சொல்லிட்டான்."

"அப்ப அவனுக்கு ஓட்டுப் போடுவீங்களாக்கா?" என்றார் ராஜி.

"மன்னிப்பு வேணும்னா குடுப்பேன். ஓட்டு எதுக்கு?"

அலுவலகத்தில் இந்தக் கூட்டத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். இதுவரை எந்த மராத்திப் பேனரின் கீழும் மக்கள் சிரித்த முகத்தோடு நின்று படம் எடுத்ததில்லை. தமிழர்களின் அன்பைக் கண்டு லோண்டேக்குக் கண் கலங்கியது. கடிதம் அன்றே கையெழுத்தானது. ஏப்ரல் கடைசியில் மூடி வந்தது.

அது சாதாரண மூடி இல்லை. இரண்டடி விட்டம், வார்ப்பிரும்பு, எழுபது கிலோ. நிதி யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா? மேற்பரப்பில் நானாசாஹேபின் பெயர், ஸம்ராட்டின் பெயர், நடுவில் 'அமரர் ஆபாசாஹேப் மஹால்கர் நினைவாக' என்று புடைப்பெழுத்து, அதற்கு மேலே ஆபாசாஹேபின் முகம். கோவிந்தராஜ் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தார். மீசை நான்கு மில்லிமீட்டர் புடைப்பு. மூக்கு பதினொன்று.

திறப்பு விழாவுக்கு மேடை போட்டார்கள். ஓட்டையைச் சுற்றி விருந்தினர்கள் விழாமல் இருக்கக் கயிறு கட்டினார்கள். அந்த ஓட்டைக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது அன்று இரண்டு மணி நேரம்தான். ஸம்ராட் தாதா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தச் சாக்கடைக்கு என் தாத்தா அடிக்கல் நாட்டினார். என் அப்பா இதைத் திறந்து வைத்தார். இன்று நான் இதற்கு மூடி கொடுக்கிறேன். ஒரே ஒரு சாக்கடைக்காக மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் இந்த மாநிலத்தில் வேறு உண்டா?"

கைதட்டல்.

"வாரிசு அரசியல் என்கிறார்கள். டாக்டர் மகன் டாக்டராக வேண்டுமென்றால் ஐந்து வருடம் படிக்க வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். ஒரு சீட்டு வீணாகும். நான் எந்தக் கல்லூரியிலும் எவருடைய சீட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. கட்சி மாறுகிறோம் என்கிறார்கள். நான்கு கட்சிகளிலிருந்து மக்களுக்குச் சேவை செய்திருக்கிறோம். ஒரே கட்சியில் கிடப்பவனுக்கு இந்த அனுபவம் வருமா? எனக்கு அரசியலில் ஆசையே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வேறு தொழில் யாருக்கும் தெரியாது. என்னை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்!"

கைதட்டல் அடங்கியதும் நான்கு பேர் மூடியைத் தூக்கி ஓட்டையை நோக்கி நடந்தார்கள். அப்போதுதான் லோண்டே அலறினார்.

"நிறுத்துங்க! ஆபாசாஹேப் முகத்து மேல கால் வைக்கப் போறாங்களா?"

மேடையில் எல்லோரும் மூடியைப் பார்த்தார்கள். மூடியைத் தரையில் வைத்தால் ஜனங்கள் மிதிப்பார்கள், ஸ்கூட்டர் ஏறும், நாய் வந்து நிற்கும். இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. ஸம்ராட் தாதா தாத்தாவின் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டார். பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு பீடம் கட்டி, அதில் மூடியை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். சுற்றிக் கம்பி வேலி. சாமந்தி மாலை. கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

ஓட்டை அப்படியே இருந்தது. பீடம் மீதி வழியில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது.

ராஜி ஊன்றுகோலோடு மெதுவாக முனைவரை வந்து, ஓட்டையையும் அதைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூடி வேணும்னு கேட்டமே, எதை மூடறதுக்குன்னு எழுதினீங்களா இல்லியா?"

"எழுதினேன் ராஜி. மூணு பாஷையில எழுதினேன்."

"ஜூன்ல இந்தப் பக்கம் தண்ணி நிக்கறப்ப நான் எப்படிப் போறது? இவர் மூக்கைப் பிடிச்சுட்டா?" ஊன்றுகோலை வீட்டுப் பக்கம் திருப்பினார். "வேலைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துடறேனுங்க. இன்னொரு வாட்டி அதுல விழறதுக்கு எனக்குத் தெம்பு இல்லை."

கோவிந்தராஜ் அன்று முதல் தினமும் வேலைக்குப் போகும்போது பீடத்தின் முன் நின்று மூடியைப் பார்த்தார். போகிறவர்கள் அவரைப் பக்தர் என்று நினைத்தார்கள்.

மே மாதம் நானாசாஹேபுக்கு டெல்லியில் மேலவை இடம் கிடைத்தது. பாட்டனார் மேலே போய் அப்பாவுக்கு இடம் விட்டார். அப்பா டெல்லிக்குப் போய் மகனுக்கு விட்டார். இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த நிமிடத்திலிருந்து தேர்தல் நடத்தை விதிகள் உயிர் பெறும். நம் நாட்டில் அலுவலர்கள் ஓடுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த மூன்று நாட்களில் பார்க்கலாம். பொது இடத்தில் எந்த அரசியல்வாதியின் பெயரும் முகமும் சாலையில் போகிறவர் கண்ணில் படக் கூடாது. நான்கு மாதமாக ஒரு மூடிக்கு வராத ஜூனியர் இன்ஜினியர், நான்கு ஆட்களோடும் லாரியோடும் காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றார். பேனரை ஏழு நிமிடத்தில் இறக்கினார்கள்.

மூடியில்தான் சிக்கல். தொகுதியில் மஹால்கர் பெயர் பொறித்த கல்வெட்டு முந்நூற்றுப் பதினொன்று. அத்தனையையும் சுற்றியதில் துணி தீர்ந்திருந்தது. செய்தித்தாளை ஒட்டினார்கள். மூக்கு அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இன்னொரு தாள் ஒட்டினார்கள். மூக்கு மறுபடி வந்தது.

"பன்னிரண்டு மணிக்குள்ள போட்டோ அனுப்பணும்" என்று ஜூனியர் இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பீடத்திலேர்ந்து இறக்கிக் கிடத்தினாலும் முகம் மேல் பக்கம் தெரியும். ஜனங்க மிதிச்சா குடும்பம் என்னைச் சும்மா விடாது."

"குப்புறப் போட்டுடலாமேங்க" என்றார் கோவிந்தராஜ்.

"குப்புறப் போட்டா மூக்கு தரையில முட்டும். மூடி ஆடும், முகம் தேயும்."

"தரையில போட்டாத்தானே முட்டும்." கோவிந்தராஜ் அளவுகோலை எடுத்துக் குழியின் விளிம்பில் மண்டியிட்டார். அவர் குரலில் பட்டறையின் நிதானம் இருந்தது. "விளிம்பு உக்கார்ற இடம் அம்பது மில்லி. எழுத்தெல்லாம் அதுக்கு உள்ளதான் இருக்குது. மூக்கு பதினோரு மில்லி. கீழே ஒன்பதடி காலி. எங்கேயும் முட்டாது. பேரு யாரு கண்ணுலயும் படாது, அது உங்க விதிக்குச் சரி. பேரு மேல யாரும் கால் வைக்க முடியாது, அது குடும்பத்துக்குச் சரி. அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்குது, வண்டி வழுக்காது."

ஜூனியர் இன்ஜினியர் அதை மனத்துக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் பிழை இல்லை. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தால், மூடி என்ற பொருள் எதற்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது போல் இருந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். கவிழ்த்தார்கள். 'டொக்' என்று உட்கார்ந்தது. கோவிந்தராஜ் அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். அரை மில்லிகூட ஆடவில்லை. காலிப் பீடத்தையும் வேலியையும் இடித்து லாரியில் ஏற்றினார்கள். அவற்றையும் ஒரு விளம்பரக் கட்டுமானம் என்று பதிவு செய்ய முடிந்தது. 'பெயரும் உருவமும் முறைப்படி மறைக்கப்பட்டன' என்று ஜூனியர் இன்ஜினியர் எழுதிப் படம் அனுப்பினார். படத்தில் ஒரு சாக்கடை மூடி இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரம் ஸம்ராட் தாதா ஜெயித்தார். அதில் விளக்க ஒன்றும் இல்லை. வட்டத்தைப் பற்றி முன்பே சொல்லியாகிவிட்டது. விதிகள் விலகிய மறுநாள் லோண்டே மாலையோடு சந்து முனைக்கு வந்தார். நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அண்ணா, ஆபாசாஹேப் எங்கே?"

கோவிந்தராஜ் கையை நீட்டிக் காட்டினார். லோண்டே கீழே பார்த்தார். அவசரமாகக் காலை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார். பிறகு மூடியின் ஓரம் காதை வைத்தார். உள்ளே சாக்கடைத் தண்ணீர் சலசலவென்று, மூக்குக்கு நேர் கீழே, ஓடிக்கொண்டிருந்தது.

அனுபவசாலியானதால் அவர் கூச்சல் போடவில்லை. யோசித்தார். மூடியைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். தூக்கினால் கூட்டம் கூடும். கூட்டத்தில் எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும். குடும்பத்தை உருவாக்கிய பெரியவர் சாக்கடையிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வரும் காட்சியை மாலைக்குள் மாநிலமே பார்த்துவிடும்.

"இந்த மூடி யார் போட்டது, அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலீங்களே."

"எனக்கும் தெரியலை. எங்க குடும்பம் இந்தச் சந்துக்கு எதுவும் செஞ்சதில்லை." மாலையைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். "இதை யாரும் திறக்கக் கூடாது. வார்டு ஆபீஸ்ல நான் சொல்லிடறேன். யாராவது புதுசா மாத்தறேன்னு வந்தா எனக்குப் போன் பண்ணுங்க."

பன்னிரண்டாம் தேதி மழை பிடித்தது. பதினைந்தாம் தேதி பள்ளி திறந்தது. காலை ஆறே முக்காலுக்கு ராஜி மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். சந்து முழுக்கப் பழுப்புத் தண்ணீர். எது தரை, எது மூடி என்று தெரியவில்லை. கோவிந்தராஜ் குடையோடு முன்னால் ஓடிப்போய் அந்த இடத்தில் நிற்கப் பார்த்தார்.

"அக்கட்டால போங்க!" என்று ராஜி ஹாரனை அடித்தார். "நீங்கதானே அளந்தீங்க!"

தண்ணீருக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ராஜி வேகத்தைக் குறைக்கவில்லை.